பாலாற்றங்கரையில் கண்டி அரசர்

வேலூருக்குச் செல்வோர் கோட்டையைச் சுற்றி, ஜலகண்டேசுவரரைத் தரிசித்துத் திரும்பிவிடுவர். நாம் பாலாற்றங்கரைக்கும் சென்றோம். அங்கே முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் துயில்கிறார்.

அவ்வம்சத்துக்கு வித்து கடல் கடந்த கல்யாணமே! மதுரைக்குத் தூதனுப்பிப் பெண் கேட்பது கண்டி அரசர் வழக்கம். கண்டு காதலிக்க வழியேது? தூதர் வாய்ச்சொல்லை நம்பியே பெண் கப்பலேறினாள். அவ்வாறு மணந்த சிங்கள அரசர் நரேந்திரசிங்கர் 1739-இல் பட்டத்துக்குரிய வாரிசின்றி மறையவே, ராணியின் சகோதரர் முடிசூடினார்.

1815-இல் கண்டியைக் கவர்ந்த வெள்ளையர், அரசரின் ஆண் உறவினர் கண்டிச் சீமையை மிதிக்கலாகாதென்று ஒப்பந்தத்தில் எழுதினர். லண்டன்காரர் உரியவராம்; மதுரைச் சம்பந்திகள் அந்நியராம்! மறு ஆண்டு அரசரும் ராணிகளும் வேலூர்க் கோட்டையில் அடைபட்டனர். 1832-இல் அரசர் காலமானார். அருகே குடும்பத்தார் கல்லறைகளும் உள்ளன.