காலி டேங்க்

டேங்க் என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் ஒரு அர்த்தம், நான் வேலை செய்கிற பட்டறையில் வேறொரு அர்த்தம். தெருவில் டேங்க் என்றால் பீ டேங்க். பட்டறையில் டேங்க் என்றால் பெட்ரோல் டேங்க். இரண்டுக்கும் மூடி உண்டு. இரண்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத காற்று நிற்கிறது. இரண்டும் ஆளைக் கொல்லும். ஆனால் ஒன்றைத் திறக்கும்போது எல்லாரும் பத்தடி தள்ளி நிற்கிறார்கள். இன்னொன்றைத் திறக்கும்போது எங்கள் ஆள் ஒருத்தனைக் கயிறு கட்டி உள்ளே இறக்குகிறார்கள். ஒரு மெக்கானிக்காக, அருந்ததியர் தெருவில் பிறந்தவனாக, இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

கோயம்புத்தூரில் இப்போது அம்பாசிடர் வண்டிக்குப் புது மவுசு. இங்கிலாந்தில் ஓடிய மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்து, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் போடத் தொடங்கிய வண்டி அது. 2014 மே மாதத்தோடு தயாரிப்பு நின்றுபோனது. ஒரு காலத்தில் அதில் வந்தவர்கள் யார்? கலெக்டர், தாசில்தார், மில் முதலாளி, மிராசுதார். எங்கள் தெருமுனையில் வெள்ளை அம்பாசிடர் நின்றால் ஒன்று ஓட்டுக் கேட்க வந்திருப்பார்கள், இல்லாவிட்டால் விசாரணைக்கு வந்திருப்பார்கள். அந்த வண்டியில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்றைக்குக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்ததை வெளியே எடுத்து, 'கிளாசிக் கார்' என்று சொல்லிப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். ஓட்டிக்கொண்டு என்பதுகூடச் சரியில்லை, பாதி வண்டிகள் கயிறு கட்டித்தான் வரும். காரணம் பெரும்பாலும் டேங்க்.

ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் டேங்க் சீக்கிரம் போகும். டேங்கில் பாதி பெட்ரோல், பாதி காற்று. ராத்திரிக் குளிரில் அந்தக் காற்றில் இருக்கிற ஈரம் தகரத்தில் வேர்க்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் போய்த் தேங்கும். துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது. வெளியே பெயின்ட் பளபள என்று இருக்கும், உள்ளே தகரம் காகிதமாகிப் போயிருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் இன்னும் கேடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை அரிக்கும். துருத்தூள் ஃபில்டரை அடைத்து, வண்டி மேட்டில் ஏறும்போது திணறி நின்றுவிடும். ஓட்டையில் பற்று வைத்தால் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும். அதனால் டேங்கையே மாற்றிவிடுவதுதான் சரி. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி நல்லதாக ஒன்று கிடைத்தால் போடுவோம். கிடைக்காவிட்டால் பழசை அளவெடுத்துத் தகடு மடித்துப் புதிதாகச் செய்வோம்.

நான் பட்டறைக்குப் போனது 1990இல். எட்டாவதோடு படிப்பு நின்றது. எங்கப்பன் துப்புரவுத் தொழிலாளி. 'இந்தத் தொடப்பம் என்னோட போகட்டும்டா' என்று சொல்லி ஒரு பாயிடம் கொண்டுபோய் விட்டார். பாய் என் கையைப் பார்த்தார், என் பல்லைப் பார்த்தார், 'பீடி குடிப்பியாடா?' என்று ஒன்றுதான் கேட்டார். என்ன சாதி என்று கேட்கவில்லை. அங்கே எல்லாருக்கும் ஒரே டம்ளர். ஊருக்குள் எங்களுக்குத் தனி டம்ளர் இருந்த காலம் அது.

பீடியைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. டேங்க் இறக்குகிற வேலையை பாய் ஒரு சடங்கு மாதிரி செய்வார். வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே வெட்டவெளிக்குத் தள்ளணும். குழிக்கு மேல் நிறுத்தவே கூடாது, பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், குழிக்குள் இறங்கி நின்றுகொள்ளும். பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றணும். இருக்கிற பெட்ரோலை அடித் திருகைத் திறந்து கேனில் பிடிக்கணும். அம்பாசிடர் டேங்க் 54 லிட்டர் பிடிக்கும், அதோடு இறக்கினால் முதுகு போய்விடும். பிறகு ஊற்றுவாய்க் குழாய், பம்புக்குப் போகிற குழாய், மீட்டர் வயர், கடைசியாகப் போல்ட். துருப்பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விடணும். அவசரப்பட்டு உளி வைத்து அடிக்கக் கூடாது. ஒரு பொறி போதும்.

எல்லாம் இறக்கி டேங்க் காலியான பிறகுதான் பாய்க்குப் பயமே ஆரம்பிக்கும். 'நெறஞ்ச டேங்க்கு சொல்லிட்டு எரியும்டா. காலி டேங்க்கு சொல்லாம வெடிக்கும்' என்பார். அது வெறும் பேச்சில்லை. நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழு பங்கு வரைக்கும் பெட்ரோல் ஆவி கலந்தால்தான் வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவி அதற்குமேல் கெட்டியாக இருக்கும். காலி டேங்கில்தான் வெடிக்கிற அளவுக்குக் காற்றும் ஆவியும் சேர்ந்து நிற்கும். கழுவினாலும் மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிற பெட்ரோல் சூடு பட்டதும் வெளியே வரும். அதனால் பற்ற வைக்கிற இடம் தவிர மீதி டேங்க் பூராவும் தண்ணீர் நிரப்பி, ஆவி போக வழிவிட்டுத்தான் நெருப்பை அருகில் கொண்டுபோவோம். இதையெல்லாம் எழுதிவைத்த புத்தகம் எங்களிடம் இல்லை. ஆனால் பட்டறையில் எடுபிடிப் பையனுக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். வண்டிக்காரருக்கும் தெரியும். டேங்க் இறங்குகிற அன்றைக்கு அவர் செல்போனை அணைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்.

1995இல் எங்க சித்தப்பனை ஒரு லாட்ஜின் மலக்குழிக்குள் இறக்கினார்கள். லாட்ஜ் பெயர் இங்கே வேண்டாம். காலை ஆறு மணிக்கு வந்து கூப்பிட்டார்கள், ஏழு மணிக்கு மூடியைத் திறந்தார்கள், ஏழேகாலுக்கு இறக்கினார்கள். கால் மணி நேரம். பெட்ரோல் டேங்கின் போல்ட்டுக்கே ஒரு ராத்திரி ஊற விடுகிறோம். கட்டி நிற்கிற மலத்தைக் காலால் கலக்கியதும் அதற்குள் அடைந்து கிடந்த வாயு கிளம்பும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம். அளவு கொஞ்சம் ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இன்னும் ஏறினால் இரண்டு மூச்சு, அவ்வளவுதான். சித்தப்பன் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லவில்லை என்று இன்னொருத்தர் இறங்கப் போனார். எங்கப்பன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதனால் ஒரு பிணத்தோடு போயிற்று. பல ஊர்களில் இரண்டு, மூன்று என்று விழுவது இப்படித்தான். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து சாகிறான்.

காகிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'தவறி விழுந்து இறந்தார்.' வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்பது இல்லை. இறக்கினார்கள் என்பது இல்லை. ஏதோ ராத்திரி குடித்துவிட்டுத் தெருவில் போகிறவன் கால் இடறி விழுந்த மாதிரி.

இந்தக் காகிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு டேங்க் யூனிட்தான் ஞாபகம் வரும். வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று முன்னால் முள் காட்டுகிறதே, அதற்குச் செய்தி அனுப்புகிறது டேங்க்குக்குள் இருக்கிற இந்த யூனிட்தான். ஒரு வட்டத் தட்டு, கார்க் கேஸ்கட், ஒரு கம்பிக் கை, அதன் நுனியில் மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவை ஏறும், கம்பிக் கை ஒரு சுருள்மேல் நகரும், மின்சாரத்தின் அளவு மாறும், முள் அசையும். டேங்க் மாற்றும்போது இதையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் சிலதில் உள்ளே பெட்ரோல் சலசலக்கும். ஓட்டை விழுந்த மிதவை மூழ்கிப் போகும், டேங்க் நிறைந்திருந்தாலும் முள் காலி என்று சொல்லும். புது யூனிட்டைப் பூட்டுவதற்கு முன்னால் வெளியிலேயே வயர் கொடுத்து, கையால் மிதவையைத் தூக்கித் தாழ்த்தி, முள் கூடவே வருகிறதா என்று பார்க்கணும். பூட்டும்போது எர்த் சேருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடணும்.

பழைய அம்பாசிடரில் ஒரு விசேஷம் உண்டு. டேங்கிலிருந்து முள்ளுக்குப் போகிற வயர் அறுந்துபோனால் முள் காலியைக் காட்டாது. நிறைந்திருக்கிறது என்று காட்டும். டேங்க் சொட்டுக்கூட இல்லாமல் வறண்டு கிடக்கும், முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் முள்ளைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார்.

நம் அரசாங்கத்தின் முள்ளும் அப்படித்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் இன்னொன்று. சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை என்று அதில் எழுதியிருக்கிறது. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்தவர்கள் எல்லாரையும் கண்டறிந்து குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் 2021 ஜூலையில் மாநிலங்களவையில் சமூகநீதித் துறை இணையமைச்சர் எழுத்தில் கொடுத்த பதில் என்ன? கையால் மலம் அள்ளியதால் யாரும் செத்ததாகத் தகவல் இல்லை! மலக்குழிச் சாவுகளை 'அபாயகரமான துப்புரவு' என்று வேறு பெயர் போட்டு வேறு பட்டியலில் வைத்துவிட்டால் இந்தப் பட்டியல் சுத்தமாகிவிடும். வயரை அறுத்தாயிற்று. முள் எஃப் காட்டுகிறது.

சித்தி 2014 தீர்ப்புக்குப் பிறகு மனு போட்டார். 'தவறி விழுந்து' என்று காகிதம் இருக்கிறதே, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். இறக்கினார்கள் என்பதற்குச் சாட்சி கேட்டார்கள். சாட்சி எங்கப்பன். அவர் 2009இலேயே போய்விட்டார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர், 1960களின் அம்பாசிடர் ஒன்றைக் கொண்டுவந்தார். டேங்க், டேங்க் யூனிட், குழாய்கள் எல்லாம் மாற்றணும். தங்கமான மனுசன் என்றுதான் நினைத்தேன். 'அவசரமில்லப்பா, ஒரு வாரமானாலும் ஆகட்டும். பெட்ரோல் சமாச்சாரம், பாத்து நிதானமாப் பண்ணு' என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். வேலை முடிகிற அன்றைக்கு எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார். சொன்னேன். முகத்தில் ஒரு கணக்கு ஓடியது.

'ஏப்பா, எங்க வீட்ல டேங்க் ரொம்பிப்போச்சு. லாரிக்காரன் வந்து உறிஞ்சிட்டுப் போயிட்டான், அடியில கட்டியா நிக்குது. உங்க பக்கம் ரெண்டாளு இருந்தா நாளைக்குக் காலைல அனுப்பி வையேன்.'

'மூடி தொறந்து எத்தன நாளாச்சுங்க? உள்ள காத்து பாத்தாச்சுங்களா?' என்று கேட்டேன்.

'அதெல்லாம் எதுக்கப்பா? அவங்கெல்லாம் பழக்கப்பட்டவங்கதான?'

காருக்கு ஒரு வாரம். மனுசனுக்கு நாளைக் காலை. பெட்ரோல் ஆவியைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. அறிவு இல்லாமல் பேசவில்லை. அந்த அறிவை எங்கே பயன்படுத்துவது, எங்கே மூட்டை கட்டி வைப்பது என்பதைச் சாதி அவருக்காக முடிவுசெய்து வைத்திருக்கிறது. 'பழக்கப்பட்டவங்க' என்கிறார். எந்த நுரையீரல் விஷவாயுவுக்குப் பழகும்? சக்கிலியனுக்கு வேறு நுரையீரலா?

'ஆள் வரமாட்டாங்க. எறக்குனா ரெண்டு வருசம் ஜெயிலுங்க' என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். காசை எண்ணி வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் வண்டி எங்கள் பட்டறைக்கு வரவில்லை.

மலக்குழி மரணத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் சிலர் முகமூடி, கையுறை, பூட்ஸ் என்று பட்டியல் போடுகிறார்கள். படித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். நான் கேட்பது வேறு. பெட்ரோலுக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1934இல், சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் வந்த விதிகளின்படி, பெட்ரோல் சேமிக்கிற பெரிய டேங்குகளை ரிப்பேர் செய்வதற்கு முன்னால் உள்ளே ஆவி இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டாகணும். கையெழுத்து இல்லாமல் வேலை நடக்காது. ஏன் நடக்காது? அது வெடித்தால் செத்துப்போகிறவன் கூலிக்காரன் மட்டுமில்லை. முதலாளியின் சரக்கும் போகும், கட்டடமும் போகும், பக்கத்துத் தெருவும் போகும். மலக்குழி வெடித்து யாருடைய சொத்தும் போவதில்லை. ஒரு அருந்ததியன் மட்டும் போகிறான். அதனால்தான் அங்கே கையெழுத்துப் போட ஆளில்லை.

பட்டறையில் ஒரு டேங்க் கெட்டுப்போனால் அதை வெளியே எடுக்கிறோம், இல்லாவிட்டால் மாற்றிவிடுகிறோம். ஆபத்து இருக்கிற இடத்துக்கு ஆளை அனுப்புவதில்லை. இவ்வளவுதான் தொழில் தர்மம். லாரியின் குழாய் எட்டவில்லையா, நீளக் குழாய் வாங்கு. அடியில் கட்டி நிற்கிறதா, தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்சு. அதற்கும் வழியில்லாதபடி கட்டியிருக்கிறாயா, அந்தக் குழியை இடித்துவிட்டு வேறு கட்டு. செலவாகும். ஆகட்டும். ஓடாத காருக்குச் செலவு செய்கிறவர்கள்தானே.

சித்திக்கு இப்போது 68 வயது. மனுவின் நகலை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். 1995இல் அந்த லாட்ஜில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிற இரண்டு பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒருவர் சாட்சி சொல்கிறேன் என்கிறார். மறுபடி மனு எழுதியிருக்கிறோம். இந்தத் தடவை முதல் வரியிலேயே 'இறக்கப்பட்டார்' என்று போட்டிருக்கிறோம்.