நிறுவையில் தெரியும் விடை

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டமானாலும் சரி, கேமரன் மலையின் மற்றத் தேயிலைத் தோட்டங்களானாலும் சரி, பறித்த கொழுந்து நிறுவைக்கு வந்தாக வேண்டும். அந்த மண்ணில் வளரும் பிள்ளைக்குப் பின்னம் கலந்த சமன்பாட்டை எடையாகவே காட்டிவிடலாம்.

ஒரு நாள் கொழுந்தில் மூன்றில் ஒரு பங்கு காலையில் வந்தது, நான்கில் ஒரு பங்கு நண்பகலில். மாலையில் மீதி 25 கிலோ. மொத்தத்தைக் 'க' என்று வைத்தால், க/3 + க/4 + 25 = க. மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. எல்லாவற்றையும் 12-ஆல் பெருக்கினால் 4க + 3க + 300 = 12க. ஆக, 5க = 300; க = 60.

பிள்ளைகள் சறுக்கும் இடம் அந்த 25. அதன் கீழே பகுதி எண் இல்லை என்பதால் பெருக்காமல் விட்டுவிடுகிறார்கள். 4க + 3க + 25 = 12க என்றாகி, விடை 5 வருகிறது. ஏட்டில் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் மாலையில் மட்டும் 25 கிலோ நிறுத்திருக்க, நாள் முழுவதற்கும் 5 கிலோவா? ஆசிரியர் சிவப்பு மையை எடுக்குமுன் பிள்ளைக்கே விளங்கிவிடும். 60-ஐப் போட்டுப் பார்த்தால் 20, 15, 25 என்று கணக்கு நேராகிறது.

சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் தமிழில் பின்னம் படித்தவர்கள், முதலாம் படிவத்தில் நேரியல் சமன்பாட்டை மலாயில் படிக்கப் போகிறார்கள். பாடமொழி மாறும் அந்த நேரத்தில் விதியை மனப்பாடம் செய்தவர்களைவிட எடையை மனத்தில் வாங்கியவர்களே தடுமாறாமல் நிற்பார்கள்.

எழுத்தே இல்லாமலும் இதைப் போடலாம். மொத்தம் 12 கிலோ என்று வைத்துக்கொண்டால் 4 போக, 3 போக, மீதி 5. வந்ததோ 25, அதாவது ஐந்து மடங்கு. 12-ஐயும் ஐந்து மடங்காக்கினால் 60. மேலே பெருக்கிய அதே 12தான் இங்கே ஊகமாக வந்து நிற்கிறது! பாஸ்கரர் 1150-இல் லீலாவதி என்ற கணித நூலில் 'இஷ்ட கர்மம்' என்று சொன்ன முறை இது. அவருக்கும் வெகு முன்னே, எகிப்தின் ரைண்ட் பாப்பிரசில், ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19 என்ற கணக்கை அதை எழுதிய ஆமோஸ் 7 என்ற ஊகத்தில்தான் தொடங்குகிறார்.

லீலாவதியின் வண்டுக் கணக்கு இன்னும் சுவையானது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொன்றுக்கும், அவற்றின் வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு மற்றொன்றுக்கும் பறந்துவிட, ஒரு வண்டு மிஞ்சுகிறது. 15 என்று ஊகித்தால் 3, 5, 6. மிஞ்சுவது சரியாக ஒன்று. இங்கே ஊகமே விடை.