அக்காவும் ஒரு ஜெர்மன் மீனும்

எங்க அக்காவுக்கு முடக்குவாதம். காலையில எழுந்தா விரல் மடங்காது. காபி டம்ளரை ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிப்பா. பார்க்க வர்றவங்க எல்லாரும் ஒரே பாட்டுதான்: "உடம்புல எதிர்ப்பு சக்தி இல்லம்மா, அதான்." கூடவே ஒரு லேகிய டப்பா. டாக்டரோ எதிர்ப்பு சக்தியே அவ மூட்டைத் தாக்குதுன்னு சொல்லி, அதை அடக்க மாத்திரை கொடுத்தார். அக்கா ரெண்டு வாரமா அதைத் தொடல. "இருக்கற சக்தியையும் அடக்கவா? என்னடா கதை இது?"

எனக்கும் பதில் தெரியல. கடைசில ஒரு மீன்தான் சொல்லிக் கொடுத்தது.

பேரு ஸ்டிக்கில்பேக். முதுகுல மூணு முள்ளு, விரல் நீளம்தான் இருக்கும். வட ஜெர்மனியில ப்ளோன்னு ஏரிகள் சூழ்ந்த ஊர். அங்க மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்துல மான்ஃப்ரெட் மிலின்ஸ்கியும் அவர் சகாக்களும் இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சாங்க.

விஷயம் எம்.எச்.சி.ங்கற மரபணுக்கள். உள்ள நுழைஞ்ச கிருமியோட துண்டைப் பிடிச்சு 'இதோ திருடன்'னு காட்டறதுதான் இதுங்க உண்டாக்கற புரதத்தோட வேலை. வகை கூடினா பிடிபடற திருடனும் கூடும். ஒட்டுண்ணி நிறைய வகை இருக்கற ஏரியில வாழற மீன்களுக்கு, ஆத்து மீன்களைவிட இந்த வகைகள் அதிகம். இயற்கைத் தேர்வோட கைவண்ணம்.

அப்ப அதிகபட்ச வகை உள்ள மீன்தான் ஆரோக்கியமா? 2003ல வெளிவந்த ஆய்வுல மூணு வித ஒட்டுண்ணியை விட்டுப் பார்த்தாங்க. வகை குறைவா உள்ளதுக்கும் தொற்று அதிகம், ரொம்ப கூடுதலா உள்ளதுக்கும் அதிகம். நடுவாந்திரமா இருந்ததுதான் நல்லா தப்பிச்சுது. அவங்க சொல்ற காரணம் இதான்: காவல் செல்கள் வளரும்போதே, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியதை உடம்பு கழிச்சுடும். வகை கூடக்கூட கழிபடறதும் கூடும். கடைசில காவலுக்கு ஆள் பத்தாது.

பெண் மீனுக்கு இதெல்லாம் மோப்பத்துலயே தெரியுமாம்! தன்னோடதும் சேர்ந்து குஞ்சுக்கு நடுவாந்திரம் வர்ற மாதிரி ஆணைத் தேர்ந்தெடுக்கும்.

அக்காகிட்ட சொன்னேன். மீன் கணக்கு வேற, உன் வியாதி வேறன்னும் சொன்னேன். ஆனா அவ 'கழிச்சுடும்'ங்கற இடத்துலயே நின்னுட்டா.

"அப்ப எனக்கு, கழிக்க வேண்டியதுல சிலது தப்பிச்சு வந்துடுச்சா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் லேகிய டப்பாவை ஓரமா தள்ளிட்டு, "அந்த மாத்திரையை எங்கடா வெச்சேன்?"னு கேட்டா.