படத்தோடு பயணிக்கும் குறிப்பு

எச்.264 வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்தது, திரையில் தெரியாத ஒரு பகுதி. எஸ்இஐ என்று பெயர். பிரேமுக்கு முன்னால் நாம் விரும்பும் தகவலைச் செருகலாம்: ட்ரோன் பறந்த உயரம், கேமரா பதிந்த நேரம், எதுவானாலும். அதில் 5ஆம் வகையை எடுத்தால், முதல் 16 பைட் அடையாள எண்; மீதி நம் விருப்பம். அந்த எண்ணை அறியாத டிகோடர் பேசாமல் தாண்டிப் போய்விடும், படம் கெடாது. 2003லேயே இதை யோசித்து வைத்திருக்கிறார்கள்! எக்ஸ்264 என்ற என்கோடர் தன் பதிப்பையும் அமைப்புகளையும் இங்கேதான் எழுதுகிறது. பழைய கோப்பு எப்படிச் சுருக்கப்பட்டது என்று அதைப் படித்தே சொல்லிவிடலாம்.

மறுபடி என்கோட் செய்தால் பெரும்பாலும் இந்தக் குறிப்புகள் எல்லாம் போய்விடும். அந்த இழப்பு எனக்கு உண்மையிலேயே வலிக்கும். எம்பி4ஐ எம்கேவியாக மாற்ற மட்டும்தான் வேண்டுமா? என்கோட் செய்யாமல் ஸ்ட்ரீமை அப்படியே நகலெடுங்கள், தயவுசெய்து.