லயத்துக்குள்ள ஒரு சர்வர்

எங்க லயத்துக் கடைசிக் காம்பரா இஸ்தோப்புல, திரை உடைஞ்ச பழைய லெப்டொப் ஒன்னு ராவும் பகலும் ஓடிக்கிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு ரவுட்டர். இன்டர்நெட் லைன் கிடையாது. வரிசையில இருக்கிற யாரும் போன்ல அந்த வைஃபையோட சேர்ந்து, பிரவுசர்ல நாங்க எழுதி ஒட்டியிருக்கிற நம்பர அடிச்சா, படம், பாட்டு, நாடகம், கலியாண வீடியோ எல்லாம் வரிசையா வந்து நிக்கும். ஒரு எம்பி டேட்டாகூட செலவாகாது.

நாங்க நாலு பேரும் கலைப்பீடத்துல படிக்கிறவங்க. கொம்பியூட்டர் பாடம் எடுத்தவங்க ஒருத்தரும் இல்ல. அதனால இது பெரிய வித்தைன்னு நினைச்சிறாதீங்க.

கொத்மலைக்கு இந்த மாதிரி வேலை புதுசும் இல்ல. 1989இல இங்க ஒரு சமூக வானொலி தொடங்குச்சு. தொண்ணூறுகளோட கடைசியில யுனெஸ்கோ உதவியோட அந்த வானொலிக்கு இன்டர்நெட்டும் வந்துச்சு. ஊர்ச்சனம் கேக்குற கேள்விக்கு அறிவிப்பாளருங்க இன்டர்நெட்ல தேடி, கிடைச்சத ரேடியோவுல விளக்கிச் சொன்னாங்க. இணைப்பு ஒரு இடத்துல, பலன் வீட்டுக்கு வீடு. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதப்பத்தி எழுதினாங்க. எங்க சர்வரும் அதே யோசனைதான். ஒருத்தர் ஒரு தடவை இறக்கினா முழு லயத்துக்கும் போதும்.

லெப்டொப்ல டெபியன் போட்டோம். அதுக்கு மேல ஜெலிஃபின். ரெண்டுமே காசில்லாத, மூலநிரல் திறந்த மென்பொருள். ஜெலிஃபின் பிறந்த கதையத் தெரிஞ்சுக்கணும். எம்பி என்ற மென்பொருள் 2018இல தன்னோட மூலநிரல மூடுச்சு. அதுவரைக்கும் திறந்திருந்த நிரல எடுத்து, அதே வருஷம் டிசம்பர்ல சிலபேர் தனியாப் பிரிச்சுக் கொண்டுபோனாங்க. அதுதான் ஜெலிஃபின். எங்களுக்கு இதுல ஒரு முக்கியமான விசயம் இருக்கு. இதுக்குக் கணக்குத் திறக்க வெளிய எந்தக் கம்பெனிகிட்டயும் போகத் தேவையில்ல. நாளைக்கு யாரும் மாசக் கட்டணம் கேக்கவும் முடியாது.

ஏன் லெப்டொப்? 2022 மார்ச் கடைசியில நாட்டுல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தத மறந்திருக்க மாட்டீங்க. இப்பவும் மழை, காத்துன்னா முதல்ல போறது கரண்டுதான். பெட்டிக் கொம்பியூட்டர்னா சட்டுனு செத்துரும். லெப்டொப்புக்குச் சொந்தமா பெட்டரி இருக்கு.

அடுத்தது ரெக்கோர்டர். அம்மாமார் கொழுந்து நிறுத்துக் கொடுத்துட்டு வந்து, அடுப்பு மூட்டி, சோறாக்கி முடிக்கிறதுக்குள்ள பாதி நிகழ்ச்சி போயிரும். அதுக்கு டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருளும், டிஷ் வயரச் சொருகுற ஒரு யுஎஸ்பி டியூனரும் வச்சோம். எத்தனை மணிக்கு எந்த செனல்னு சொல்லிட்டா, அலையில வர்றத அப்படியே ஹாட்டிஸ்க்ல எழுதிக்கும். சாதாரண தரத்துல ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்னு, ஒன்றரை ஜிபி வரும். பூட்டி அனுப்புற கட்டண செனல்கள் இதுல வராது. இலவசமா வர்றது மட்டும்தான்.

ஆனா சர்வர எங்களுக்கு வேண்டியதா ஆக்கினது படமோ நாடகமோ இல்ல, வீடியோ கெசட்டுகள். ஒவ்வொரு காம்பராவுலயும் ட்ரங்குப் பெட்டிக்கு அடியில ரெண்டு மூனு கெடந்துச்சு. சடங்கு, கலியாணம், கருமாதி, காமன் கூத்து. மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் புடிச்சு வெள்ளையாப் போயிருந்துச்சு. டவுன்ல ஒரு பழைய டெக்கத் தேடி வாங்கி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர யுஎஸ்பி கருவியில மாட்டி ஓடவிட்டோம். மூனு மணித்தியாலக் கெசட்டுக்கு மூனு மணித்தியாலம் உக்காரத்தான் வேணும். அதுக்குக் குறுக்கு வழி இல்ல.

சினிமாப் படம் ஒன்னப் போட்டா, இன்டர்நெட் இருக்கிற நேரத்துல ஜெலிஃபின் தானாவே தேடி நடிகர் பேர், வருஷம், போஸ்டர் எல்லாம் கொண்டுவந்து ஒட்டிரும். எங்க காமன் கூத்துக்கு ஒன்னும் வரல. எந்தத் தரவுத்தளத்துலயும் அது இல்ல. பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையா நின்னுச்சு. அத நாங்கதான் நிரப்பணும்.

அதனால பெரியவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சோம். "ரதி வேசம் கட்டினது யாரு தாத்தா?" "தப்பு அடிக்கிறது யாரு அப்பாயி?" ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் மறுத்தாங்க. எந்த மாசின்னு, எந்தக் கொழந்தை பொறந்த வருஷம்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சோம். சில முகங்களுக்கு இன்னும் பேர் கிடைக்கல. அந்தப் பேரச் சொல்லக்கூடிய ஆள் போன வருஷம்தான் இறந்துபோனார்.

ஒரு ஒலிக் கெசட்டும் கிடைச்சது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் ரெண்டாப் பிரிஞ்சது எல்லாருக்கும் தெரியும். கோத்தகிரிக்குப் போன ஒரு அக்கா, இங்க இருக்கிற தங்கச்சிக்குக் கடிதத்துக்குப் பதிலாப் பேசி அனுப்பின கெசட் அது. தங்கச்சிக்கு இப்ப எழுபது தாண்டிருச்சு. அத எல்லாரும் கேக்குற இடத்துல போடலாமான்னு அவங்ககிட்ட கேட்டோம். "எங்க வீட்டுக்கு மட்டும் போதும்"னாங்க. ஜெலிஃபின்ல ஆளுக்கு ஆள் தனிக் கணக்குக் குடுத்து, யார் எதப் பாக்கலாம்னு வரையறுக்கலாம். அந்தக் கெசட் இப்ப அவங்க வீட்டுக் கணக்குல மட்டும்தான் தெரியும். யூடியூப்ல போட்டா ஈஸிதானேன்னு கேக்குறவங்களுக்கு எங்க பதில் இதுதான்.

41 கெசட்ல 17 முடிஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் இன்னொரு பிரதி வேற ஹாட்டிஸ்க்ல, வேற லயத்துல இருக்கு. ஒரே கூரைக்கடியில ரெண்டையும் வச்சா மண்சரிவு வந்தா ரெண்டும் போயிரும். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போறவங்க ட்ரங்குப் பெட்டியத் தொறந்து பாருங்க. டெக்கும் வயரும் எங்ககிட்ட இருக்கு, தாரோம். ஆனா பேர் சொல்ற ஆளத் தேடிப் பக்கத்துல உக்கார வைக்கிறது உங்க வேலை.