சரக்கும் சுங்கமும்

மூன்று வருஷங்களாக நான், இல்லாத ஒரு வானத்தில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். பகலில் ஓசூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ‘ஈவ் ஆன்லைன்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் கப்பல் வியாபாரி. இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்லக் காரணம், அங்கே நான் செய்த ஒரு காரியம், விமர்சனம் என்ற பெயரில் இத்தனை நாள் நான் செய்துவந்ததையும் சேர்த்துச் சந்தேகிக்க வைத்துவிட்டது.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்டது. சீனாவுக்கென்று தனியாக ஒன்று இருப்பதை விட்டுவிட்டால், உலகம் முழுவதிலிருந்தும் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பிரபஞ்சத்தில்தான் இருக்கிறார்கள். 5,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வாசல்கள். அங்கே விற்கும் கப்பல், குண்டு, உலோகம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி ஆடுகிறவர்களே தோண்டியெடுத்து, செய்து, விற்பவை. பணத்துக்கு ஐ.எஸ்.கே. என்று பெயர், ஐஸ்லாந்து நாணயத்தின் சர்வதேசக் குறியீடும் அதுவேதான். இந்தச் சந்தையைக் கவனிப்பதற்காக 2007-ல் எயோல்ஃபுர் குட்முண்ட்ஸன் என்ற பொருளாதார நிபுணரையே நிறுவனம் வேலைக்கு அமர்த்திற்று. ஆகவே விலை என்பது இங்கே பெரும்பாலும் இயந்திரம் போட்ட எண் அல்ல. அதன் பின்னால் எங்கோ தூக்கம் கெட்ட ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த வானம் பல பிராந்தியங்களாகப் பிரிந்திருக்கிறது. நீங்கள் எந்தப் பிராந்தியத்தில் நிற்கிறீர்களோ அதன் விலைகள் மட்டுமே உங்கள் சந்தைப் பலகையில் தெரியும். அடுத்ததன் விலை தெரிய எல்லையைத் தாண்ட வேண்டும். வெளியே சில இணையதளங்கள் எல்லாப் பிராந்தியங்களின் விலைகளையும் திரட்டித் தருகின்றன என்றாலும், பார்த்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் நிலவரம் மாறியிருக்கும். ஓசூர்க்காரனுக்கு இது புதிய சமாச்சாரம் அல்ல. ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது, டீசல் விலை மாறுகிறது. எந்தப் பக்கம் மலிவு என்பதை இரண்டு அரசாங்கங்களின் பட்ஜெட்டும் தீர்மானிக்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. விலை வித்தியாசங்கள் போகவில்லை.

லாபமான வழியைக் கண்டுபிடிப்பது நான் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. இங்கே குறைவு அங்கே அதிகம் என்று பார்த்து ஓடுவது ஆரம்பப் பாடம், முதல் நஷ்டமும் அதிலேதான். ஒரு பொருளில் எவ்வளவு கிடைக்கும் என்பதல்ல கணக்கு. கப்பலின் ஒரு கன மீட்டர் இடத்துக்கு, தாண்டுகிற ஒரு வாசலுக்கு எவ்வளவு என்பதே. அதிக விலை கேட்டு நிற்பவனுக்குப் பத்து உருப்படிதான் தேவைப்படும், பதினோராவது விலை வேறு. தரகு, விற்பனை வரி இரண்டையும் கழிக்க வேண்டும். கொள்ளைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு மதிப்புள்ள சரக்கை ஒரே நடையில் ஏற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், திரும்பி வரும்போது கப்பல் காலியாக இருக்கக்கூடாது.

இந்தக் கடைசிப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் விளையாட்டைக் கேள்விப்பட்டிராத ஒருவர். ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து பெங்களூர் கலாசிபாளையத்துக்குத் தக்காளி ஓட்டும் பிக்கப் வண்டிக்காரர். கடன் தவணை கட்ட மாதாமாதம் என் கவுண்டருக்கு வருவார். “போறப்ப எவன் வேணா சம்பாதிப்பான் சார். வரப்ப வெறும் வண்டி வந்தா, போனதுல கெடச்சதும் டீசல்லயே போயிடும்” என்றார் ஒரு நாள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோதும் அவருக்கு அதே வாடகைதான். விலை தெரிந்தவனுக்கு ஒரு லாபம், சுமக்கிறவனுக்கு வேறு.

இரண்டு மாதம் நோட்டில் எழுதி எழுதி எனக்கென்று ஒரு வழி பிடித்தேன். ஜீத்தா என்பது அந்த வானத்தின் பெரிய சந்தை. அங்கிருந்து தொலைவில், கூலிக்குச் சண்டை போட்டுச் சம்பாதிப்பவர்கள் கூடும் இடங்கள் உண்டு. அவர்களுக்குக் குண்டு வேண்டும். ஜீத்தாவரை வர நேரமில்லை. சோம்பலுக்கும் சேர்த்து விலை கொடுப்பார்கள். அவர்கள் உடைத்த கப்பல்களின் உதிரிகள் அங்கே மலிவு. ஜீத்தாவில் அவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. போகும்போது குண்டு, வரும்போது உதிரி. நாலு மாதம் ஒருவரும் என் வழிக்கு வரவில்லை.

ஆபீசில் அடுத்த மேஜைப் பையன் ஆனேக்கல்காரன். அவனும் ஆடுகிறான் என்று தெரிந்தது. “அண்ணா, எந்த ரூட்ல போறீங்க?” என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டான். சொல்ல மனம் வரவில்லை. டோடிக்ஸி பக்கம் போ என்றேன். அந்த வழியில் உயேதாமா இருக்கிறது. சரக்குக் கப்பல்களை மறித்து உடைப்பதற்கென்றே ஆட்கள் காத்திருக்கும் இடம் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இரண்டு வாரச் சம்பாத்தியத்தை ஒரே கப்பலில் ஏற்றிப் போய் அதைத் தொலைத்துவிட்டு வந்தான். “பரவாயில்லை அண்ணா, கேம்தானே” என்றான். விளையாட்டுத்தான். ஆனால் நான் சொன்ன பொய் விளையாட்டுக்குள் சொன்னது அல்ல; வங்கியில், டீ குடித்துக்கொண்டே சொன்னது.

அந்த வாரமே வண்டிக்காரர் வந்தார். கலாசிபாளையத்திலிருந்து ஓசூர்க் கடைகளுக்கு பைப், பெயிண்ட் ஏற்றிவர ஒரு பார்ட்டி கிடைத்திருப்பதாகச் சொன்னார். அந்த பார்ட்டியின் நம்பரை வேறொரு வண்டிக்காரனுக்கும் கொடுத்துவிட்டாராம். ஏன் என்றேன். “நான் ஒருத்தன் எத்தனை நடை அடிக்க முடியும் சார்? என் வண்டி படுத்துக்கிச்சுன்னா அவன்தானே என் சரக்கையும் எடுக்கணும்?” ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இனி சொல்ல வேண்டியது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு. சில வருஷங்களுக்கு முன் கிராம வாழ்க்கையைப் பற்றிய நம் எழுத்துக்களைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினேன். மண்வாசனை எழுத்து என்று நாம் கொண்டாடுவதில் ஜனங்கள் விஷயமாக இருக்கிறார்களே தவிர, அதை எழுதியவர்களாகவோ அதன் வாசகர்களாகவோ இல்லை என்பது அதன் சாரம். சுயமான பார்வை என்று நாலு பேர் கடிதம் எழுதினார்கள். அந்தப் பார்வை வில்லியம் எம்ப்ஸனுடையது. 1935-ல் வெளியான அவருடைய ‘சம் வெர்ஷன்ஸ் ஆஃப் பாஸ்டரல்’ என்ற புத்தகத்திலிருந்து எடுத்தது. பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கி, ஓசூர் பஸ்ஸில் படித்து, பெயர் சொல்லாமல் இறக்கிவிட்டேன். கிருஷ்ணகிரியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்குக் கிடைத்த ஒரே மூலதனம் அந்தப் பாஷைதான். அத்திப்பள்ளிக்கு அப்பால் மலிவாகக் கிடைப்பது இப்பால் தெரியாது என்பதே என் விமர்சனத்தின் லாபமாக இருந்திருக்கிறது. நான் மட்டும்தான் இப்படி என்று சொல்லித் தப்பிக்க ஆசை. ஆனால் நம் சிறுபத்திரிகை விமர்சனத்தில் இது பழைய வழித்தடம் என்றே எனக்குப் படுகிறது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும் இடத்துக்கு உரை எழுதும்போது, லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லியே அவர்கள் சரக்கை விற்றார்கள் என்கிறார் நச்சினார்க்கினியர். பாடமாகப் படித்தபோது இது வெறும் புகழ்ச்சியாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சுமந்து வந்ததற்குக் கூலி வாங்குவது நியாயம். விளைந்த இடத்தை மறைத்து விலை வைப்பது வேறு காரியம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நாம் இங்கிலீஷிலிருந்து ஏற்றி வருகிறோம். அந்தப் பக்கம் போகும்போது வண்டியில் என்ன இருக்கிறது? மைசூரில் பிறந்த தமிழரான ஏ.கே. ராமானுஜன் 1967-ல் குறுந்தொகைப் பாடல்களை இங்கிலீஷில் கொண்டுபோனார். அவரைப் போன்ற சிலரை விட்டால் மற்றவர்களின் வண்டி ஒரு பக்கம் காலிதான். என்னுடையது நிச்சயமாகக் காலி.

ஆனேக்கல் பையனிடம் என் வழியைச் சொல்லிவிட்டேன். ஜீத்தாவிலிருந்து லான்கிஸி, போகக் குண்டு, வர உதிரி. பொய் சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எத்தனை வாசல் அண்ணா?” என்று கேட்டான். அவன் வந்த பிறகு என் லாபம் பாதியாகிவிட்டது. கிராம எழுத்தைப் பற்றிய அந்தக் கட்டுரையைத் திரும்பப் படிக்கிறவர்கள் எம்ப்ஸன் பெயரைச் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்காரரைப் பற்றி இங்கே எழுதியிருப்பதும் அவர் எழுதியது அல்ல, அவர் படிக்கப்போவதும் இல்லை. அடுத்த தவணைக்கு வரும்போது இதை அவருக்கு வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.