வேலியில்லா முன்புல்தரையும் முதியோரின் கண்டிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புறநகர்களில், வீட்டு முன்புறப் புல்தரையில் அண்டை வீட்டுச் சிறுவர்கள் கால் வைத்தால் வயது முதிர்ந்த வீட்டுக்காரர் வெளியே வந்து அதட்டுவார் என்பது, அந்நாட்டு மக்கள் பண்பாட்டில் ஊன்றிவிட்ட ஒரு சித்திரமாகும். 1951ஆம் ஆண்டு தொடங்கிய ‘டென்னிஸ் தி மெனஸ்’ படக்கதையில் வரும் பக்கத்து வீட்டு வில்சனும், 2008இல் வெளியான ‘கிரான் டொரினோ’ திரைப்படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏற்று நடித்த, ஃபோர்டு ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற வால்ட் கோவால்ஸ்கியும் இச்சித்திரத்தின் இரு முனைகள். முன்னவர் சிரிப்பூட்டுகிறார், பின்னவர் துப்பாக்கியோடு நிற்கிறார். இருவரின் நடத்தைக்கும் முதுமையின் சிடுசிடுப்பே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆயினும், முதியோர் எல்லா நாடுகளிலும் வாழ, புல்தரையை முன்னிட்ட இக்கண்டிப்பு மட்டும் இந்நாட்டுப் புறநகர்களின் அடையாளமாக ஆனது ஏன் என்ற கேள்விக்கு அவ்விடை போதாது. முதியவரின் மனநிலையைவிட அவர் நிற்கும் நிலத்தின் வரலாறே இதற்குக் கூடுதலாக விடை சொல்கிறது.

அவ்வரலாறு 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்களிடம் தொடங்குகிறது. ‘கேப்பபிலிட்டி’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட லான்ஸலாட் பிரவுன் போன்ற தோட்டக்கலைஞர்கள், மாளிகையின் வாசலிலிருந்து தொடுவானம் வரை தடையின்றிப் பசும்புல் பரந்திருப்பதே அழகு என்று கொண்டு அதற்கேற்ப நிலத்தை வடிவமைத்தனர். புல்லை ஆடுகள் மேய்ந்தும், நீண்ட கைப்பிடி கொண்ட அரிவாளால் ஆட்கள் அறுத்தும் மட்டப்படுத்தினர். அந்த ஆடுகள் மாளிகையை நெருங்காதிருக்க ‘ஹாஹா’ எனப்படும் அமைப்பு, அதாவது ஒருபுறம் சுவரும் மறுபுறம் சரிவும் கொண்டு, மாளிகையிலிருந்து பார்ப்போர் கண்ணுக்குத் தெரியாதபடி தோண்டப்பட்ட பள்ளம், பயன்பட்டது. ஆகவே வேலியற்றதாகத் தோன்றிய அந்தப் புல்வெளிக்கு உண்மையில் ஒரு வேலி இருந்தது என்பதையும், அதைப் பேணப் பெரும் பணியாள் கூட்டம் இருந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1830இல் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேல் துருத்தும் இழைகளைச் சீவும் ஆலை எந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் எந்திரத்தை உருவாக்கிய பிறகு, பணியாளர் இல்லாத நடுத்தர வீட்டாருக்கும் புல்தரை எட்டக்கூடியதாயிற்று. அமெரிக்காவில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1869இல் திட்டமிட்ட இலினாய் மாநில ரிவர்சைடு குடியிருப்பில், வீடுகள் சாலையிலிருந்து 30 அடி தள்ளியே கட்டப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிராங்க் ஸ்காட் வெளியிட்ட புறநகர்த் தோட்டக்கலை நூல், தன் தோட்டத்தின் அழகை அண்டையார் காணாதபடி செடிவேலியால் மறைப்பதைக் கிறித்தவப் பண்புக்கும் அண்டை உறவுக்கும் ஒவ்வாத செயலென்று கண்டித்தது. இங்கிலாந்தின் மறைபள்ளம் இல்லாமல் அதன் திறந்த தோற்றம் மட்டும் கடல் கடந்து வந்து, ஓர் அறநெறியாகவும் உயர்ந்தது.

அந்த நெறி சட்டக் கட்டாயமாக மாறிய இடங்களுள் முதன்மையானது, 1947 முதல் 1951 வரை நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் வீட்டுக்கடன் கிடைத்த நிலையில், உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில் லெவிட் நிறுவனம் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அங்கே குடியேறியோர் கையெழுத்திட்ட ஆவணங்களில், முன்புறத்தில் வேலி எழுப்பலாகாது என்பதும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும் என்பதும் நிபந்தனைகளாக இருந்தன. அதே நிறுவனத்தின் தொடக்ககால ஒப்பந்தங்கள் வெள்ளையர் அல்லாதோர் அங்கே குடியிருப்பதையும் தடுத்தன என்பதை மறந்துவிட்டு அந்தப் பசுமையைப் பற்றி மட்டும் பேசுவது தகாது. ஒழுங்கான புல்தரை ‘நம்மவர்’ வாழும் தெரு என்பதற்கு அடையாளமாக்கப்பட்டது. அதன் ஒழுங்கு கெடுவது தெருவின் மதிப்பே கெடுவதாக எண்ணப்பட்டது.

இவ்வமைப்பின் உள்முரண் இங்கேதான் வெளிப்படுகிறது. முன்புல்தரை சட்டப்படி ஒருவருக்கு மட்டுமே உரியது. அதற்கு வரி கட்டுபவரும் நீர் பாய்ச்சுபவரும் அவரே. புல் உயர்ந்துவிட்டால் பல ஊர்களில் அபராதம் செலுத்த வேண்டியவரும் அவரே. ஆனால் பார்வைக்கு அது வீடு வீடாகத் தொடர்ந்து செல்லும் ஒரே பொதுவெளி. 1946க்கும் 1964க்கும் இடைப்பட்ட மகப்பேற்றுப் பெருக்கக் காலத்தில் பிறந்த திரளான சிறுவர்களுக்கு, எங்கே ஒருவர் நிலம் முடிந்து மற்றவர் நிலம் தொடங்குகிறது என்பதைக் காட்ட அங்கே எதுவும் இல்லை. லெவிட்டவுனில் விளையாட்டுத் திடல்களும் நீச்சல் குளங்களும் அமைக்கப்பட்டிருந்தபோதிலும், பந்து உருளும் திசையிலும் நண்பன் வீட்டுக்கு நேர்வழியிலும் ஓடுவதே சிறுவர் இயல்பு. வேலி செய்திருக்க வேண்டிய வேலை வீட்டுக்காரரின் குரலுக்கு வந்து சேர்ந்தது.

அக்குரலில் பதற்றம் ஏறியதற்குப் புல்லின் இயல்பும் ஒரு காரணம். தெற்கு மாநிலங்களில் பெர்முடா புல் என்று வளர்க்கப்படுவது தமிழர் அருகம்புல் என்றழைக்கும் அதே இனம். தரையில் ஓடும் தண்டுகளால் படர்வதால், மிதிபட்டாலும் விரைவில் தேறிவிடும். வடக்கே குளிர்ப்பகுதிகளில் விதைக்கப்படும் கென்டக்கி புளூகிராஸ், பெயரில் அமெரிக்க மாநிலம் இருந்தாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த புல். அது முளைக்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும், அதற்குள் ஒரு மிதிவண்டி குறுக்கே சென்றாலும் அவ்விடத்து விதைப்பு வீணாகிவிடும். உறைபனி படிந்த காலையில் ஒரு சிறுவன் குறுக்கே நடந்தால், இலைக்குள் உறைந்த பனிப்படிகங்கள் நசுங்கிச் செல்களைக் கிழித்துவிட, வெயில் ஏறிய பிறகு அவன் காலடி வடிவத்திலேயே பழுப்புத் தடங்கள் வரிசையாகத் தோன்றிப் பல நாள் மாறாமல் நிற்கும். நாள்தோறும் ஒரே வழியில் நடந்தால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் செல்லும் நுண்துளைகள் அடைபட்டு, அவ்வழியே ஒற்றையடிப் பாதையாகிவிடும். முன்னர் புல்விதையோடு குளோவர் என்ற மூவிலைச் செடியின் விதையும் கலந்து தூவப்பட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் அச்செடி, உரச்செலவைக் குறைத்தது. 1940களின் நடுவில் சந்தைக்கு வந்த 2,4-டி என்ற களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளையெல்லாம் கொன்றபோது குளோவரும் அழிந்து, நாளடைவில் களைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உரமும் மருந்தும் நீரும் தொடர்ந்து கேட்கும் ஒற்றைப்பயிராகப் புல்தரை மாறியதும், அதன்மீது கொட்டிய பணமும் உழைப்பும் சிறுவரின் ஓட்டத்தில் கண்ணெதிரே சேதமாவதை வீட்டுக்காரர் காண நேர்ந்தது.

சட்டம் இப்பதற்றத்தைக் கூட்டியது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ரயில் எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையில் விளையாடிக் காயமுற்ற சிறுவன் தொடர்பான வழக்கில், அத்துமீறி நுழைந்த சிறுவர் விஷயத்திலும் நில உடைமையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. சிறுவரை ஈர்க்கும் ஆபத்தான செயற்கை அமைப்புகளுக்கு உடைமையாளரைப் பொறுப்பாக்கும் கோட்பாடு அதன் வழியே வளர்ந்தது. வெறும் புல்தரை இக்கோட்பாட்டுக்குள் பெரும்பாலும் அடங்காதெனினும், ‘குழந்தை விழுந்தால் வழக்கு என் மீது வரும்’ என்ற எண்ணம் வீட்டுக்காரர்களிடம் ஊறிவிட்டது.

இக்காரணங்கள் எல்லா வயதினருக்கும் பொதுவெனில், முதியோரே ஏன் முன்னிற்கின்றனர் என்பதற்கு விடை எளியது: பள்ளி விட்டுச் சிறுவர்கள் திரும்பும் பிற்பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். முப்பதாண்டுக் கடனை அடைத்துப் பெற்ற வீடே பலருக்கு வாழ்நாள் சேமிப்பு. தம் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதால், புல்லை மிதிப்போர் பிறர் பிள்ளைகளாகவே இருக்கின்றனர்.

லெவிட்டவுனின் வேலித் தடை காலப்போக்கில் நடைமுறையிலிருந்து தளர்ந்து, இன்று அங்கே பல மனைகளில் வேலிகள் உள்ளன. ஆனால் முன்புறத்தில் வேலி கூடாதென்னும் விதியை வேறு பல புறநகர்க் குடியிருப்புச் சங்கங்கள் இன்னும் வைத்திருக்கின்றன. இடுப்பளவு வேலிக்குக்கூட இடந்தராத அவ்விதிகளை அப்படியே விட்டுவிட்டு, முதியவரின் குணத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.